ஓயாத கீழ்க்கட்டை

தோம்மா மருத்துவமனை நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். டிர்ர் டிர்ர் என்று பத்துத் தடவை, பிறகு எட்டு விநாடி அமைதி, மறுபடியும் பத்து. ஒவ்வொரு டிர்ரிலும் மூன்று தட்டு அடங்கியிருக்கிறது என்பது மற்றவர்களுக்குக் காகிதத்தில் படித்தால்தான் தெரியும். அவளுக்கு முதல் நாளே காதில் விழுந்துவிட்டது. இருபத்தேழு வருடமாக ஒரே தேவாலயத்தில் குழாய் ஆர்கன் வாசிக்கிறவள், காதில் எது விழுந்தாலும் தாளத்தைத் தனியாக, சுருதியைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பாள். உச்சந்தலையில் எட்டுப் போல் வளைந்த காந்தச் சுருள் உட்கார்ந்திருந்தது. அது மண்டையோட்டைத் தாண்டி, மூளையில் இடது காலை ஆட்டிவைக்கிற இடத்துக்குச் சேதி அனுப்புவதாக ஏற்பாடு. அனுப்புகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு வியாழக்கிழமை காலை, ஒன்பதாவது நாளில், பக்கத்து அறைச் சுவர் வழியாகப் பதில் வந்தது.

சேர்ந்த அன்றே ஃப்ராவ்கே விவரமாகச் சொல்லியிருந்தாள். ஃப்ராவ்கே இந்தப் பரிசோதனையின் பிசியோதெரபிஸ்ட், முப்பது வயதிருக்கும், தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தான் சொன்னால் ஊரே எழுந்து நிற்கும் என்ற தைரியத்தோடு நடப்பவள். "பாதிப் பேருக்கு நிஜ மெஷின். பாதிப் பேருக்குச் சத்தம் மட்டும் போடற டம்மி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது, கேட்டீங்கன்னா கோபம் வரும். ஆனா மெஷின் முடிஞ்ச கையோட முக்கால் மணி நேரம் பயிற்சி. அது எல்லாருக்கும் நிஜம், அதுல யாரும் தப்பிக்க முடியாது." சொன்னபடியே செய்தாள். மூன்று நிமிடம் சொச்சம் மெஷின். அதற்குப் பின் சைக்கிள், படிக்கட்டு, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதல், பாயில் படுத்துக் காலை நீட்டி மடக்கல். தோம்மாவுக்கு எம்.எஸ். என்ற நரம்பு நோய் வந்து பதினொரு வருடமாகிறது. நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்துபோக, இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும். கோபித்துக்கொண்ட கழுதையைக் கூட நகர்த்திவிடலாம், இதை நகர்த்த முடியாது.

பக்கத்து அறையில் இருந்தவர் ஓக்கோ. அவருக்கும் இதே நோய்; இருவரும் ஒரே வேனில் வருபவர்கள். வழக்கமாக அவர் முறை இவளுடையதற்குப் பிறகு. இன்று மணி மாறி, இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஓடின. அவருடையது இவளுடையதைவிட அரைக்கட்டை சுருதி கீழே இருந்தது. சந்தேகமே இல்லை. இவளுக்கு இன்னொன்றும் நினைவிருந்தது. மூன்று வாரத்துக்கு முன், கால் எங்கே இருக்கிறது என்று மண்டையில் தேடுவதற்காகக் கீழ்த்தளத்தில் ஒரு மெஷினை வைத்து ஒற்றைத் தட்டாகத் தட்டினார்கள். அது எல்லோருக்கும் நிஜம். இவள் கேட்காமலே இடது காலின் கட்டைவிரல் துள்ளியது. அந்தத் தட்டின் சுருதியும் கீழேதான் இருந்தது, இப்போது ஓக்கோவின் அறையில் கேட்பது போலவே. கணக்கு அவ்வளவு சுலபம். அவருக்கு நிஜம், இவளுக்கு டம்மி. டாக்டர்கள் இத்தனை பூட்டுப் போட்டு வைத்த ரகசியத்தை வெறும் காதால் திறந்துவிட்டோமே என்ற குதூகலத்தில், தனக்குக் கிடைத்தது டம்மி என்ற துக்கம் அவளுக்கு உறைக்கவே கொஞ்ச நேரமாயிற்று. உறைத்தபோது நன்றாக உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பெந்தெகொஸ்தே திருநாள், அன்று அவள் வாசித்தாக வேண்டும்.

அவள் இந்தப் பரிசோதனையில் சேர்ந்ததே கிறிஸ்துமஸ் அன்று நடந்த கூத்தினால்தான். கடைசிப் பாட்டு முடிந்தது. கைகளை எடுத்தாள், வலது காலை எடுத்தாள். இடது கால் வரவில்லை. காலால் மிதிக்கும் கட்டைகளில் இடது கோடியில் இருக்கும் கீழ்க்கட்டையை அழுத்தியபடி அது விறைத்துக்கொண்டது. பதினாறு அடி உயரக் குழாய் ஒன்று, கப்பல் துறைமுகத்துக்குள் வருகிற மாதிரி, தன்னந்தனியாக முழங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கித்தான் நிறுத்தினாள். கீழே பாஸ்டர் ரெம்மர் ஆசீர்வாதத்துக்குத் தூக்கிய கையை இறக்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் நின்றார். ஆர்கன் மாடி பின்பக்கம், சபைக்கு முதுகுப் பக்கம் இருப்பதால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் அவர், "குழாய் மாட்டிக்கிச்சோ?" என்று கேட்டார். இவள், "மாட்டிக்கிச்சு போலிருக்கு" என்றாள். அவ்வளவுதான் பொய். அதன் விலையை ஆர்கன் மேஸ்திரி கொடுத்தார். ஜனவரியில் வந்து, முந்நூறு வருடத்துத் தூசியில் இரண்டு நாள் படுத்துக் கிடந்து, ஒரு குற்றமும் காணாமல் மானம் போன முகத்தோடு திரும்பினார். ஈஸ்டரிலும் குழாய் அதேபோல முழங்கியது. சபைக் கமிட்டி கூடித் தீர்மானித்துவிட்டது: பெந்தெகொஸ்தே முடிந்த செவ்வாய்க்கிழமை, கீழ்க்கட்டைக் குழாய்களை மொத்தமாகக் கழற்றிப் பார்ப்பது. கழற்றினால் ஒன்றும் இருக்காது. ஆர்கனில் குற்றமில்லை என்றால் மீதி இருப்பது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் மட்டும். அப்புறம் அந்தப் பெஞ்சு அவளுக்கு இல்லை. நகரத்தில் இரண்டு காலும் ஒழுங்காக உள்ள ஒரு பையன் ஆர்கன் படிப்பை முடித்துவிட்டுக் காத்திருக்கிறான் என்று பாஸ்டரே ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருந்தார்.

மருத்துவமனைக் கேண்டீனில் ஓக்கோ ஃபிளாஸ்க்கைத் திறந்தார். கடலைத் தடுக்கும் அணைக்கரையில் நானூறு ஆடு வைத்திருப்பவர்; வயது ஐம்பத்தெட்டு. வெந்நீரில் பையை முக்கித் தேநீர் என்று நீட்டுபவர்களை அவர் மனுஷ ஜாதியில் சேர்ப்பதில்லை. சட்டைப்பையிலிருந்து கற்கண்டு டப்பாவை எடுத்து, கோப்பைக்கு ஒரு கட்டி போட்டு, மேலே சுடச்சுட ஊற்றினார். கற்கண்டு படக்கென்று வெடித்தது.

"ஓக்கோ, உங்களுக்குத்தான் நிஜ மெஷின். எனக்கு டம்மி."

"யாரு சொன்னா?"

"காது சொல்லுச்சு." தோம்மா மூச்சுவிடாமல் சொன்னாள்: அரைக்கட்டை, கீழ்த்தளம், ஒற்றைத் தட்டு, கட்டைவிரல். சொல்லச் சொல்ல அவளுக்கே தன் மேல் மரியாதை கூடியது.

ஓக்கோ பாலேட்டைக் கரண்டியால் கோப்பையின் ஓரத்தில் மெல்ல இறக்கினார். அந்தப் பக்கத்துப் பழக்கப்படி கலக்கவில்லை. "அப்பச் சரி. அதான் நேத்து பட்டியில பொத்துன்னு விழுந்தேனா?"

"விழுந்தீங்களா!"

"பன்னெண்டு வருசமா இந்தக் காலு மரக்கட்டை. மரக்கட்டைன்னா என்ன, தூணு மாதிரி நிக்கும்ல? அத நம்பித்தானே ஆட்டத் தூக்குறது. நேத்து தூக்குனேன், தூணக் காணோம். இளகிப் போச்சு. ஆட்டுக்கும் எனக்கும் நடுவுல புழுக்கை. அது எந்திரிச்சு நின்னுக்கிட்டு, 'ஏன்யா ஒனக்கு இந்த வேல'ங்கிற மாதிரி பாக்குது." சிரித்தார். பிறகு இரண்டாவது கோப்பையை ஊற்றினார். "இறுக்கம் போனா அந்த எடத்துல பலம் வரணும், அதுக்குத்தான் பயிற்சின்னு ஃப்ராவ்கே பொண்ணு சொல்லுது. வரும்கிறா. பாப்போம். இந்தாம்மா ஆர்கன்காரம்மா, ஒங்க காலு எப்படி?"

தோம்மா கோப்பையைப் பார்த்தாள். இதுதான் சங்கடமே. "உக்காந்து எந்திரிக்கறது முதல் நாள் ஏழு தடவதான் முடிஞ்சுது. நேத்து பதினொண்ணு."

"டம்மில?"

"டம்மிலதான்."

"காலையில வேன்லேருந்து நீங்களே எறங்குனீங்க. நான் பாத்தேன். டிரைவரு கைய நீட்டிக்கிட்டு நின்னான், நீங்க கண்டுக்கல."

அவளுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. இறங்கியிருக்கிறாள். எப்படி இறங்கினோம் என்று யோசிக்காமல் இறங்கியிருக்கிறாள்! பதினொரு வருடத்தில் எந்தப் படியையும் யோசிக்காமல் இறங்கியதில்லை.

"ஆனா டம்மியாச்சே ஓக்கோ."

"சரி, டம்மி. அதுக்கென்ன, நல்லா ஆயிட்ட காலத் திருப்பிக் குடுத்துருவீங்களா? சைக்கிள் மிதிச்சது டம்மியா? பாயில கெடந்து கத்துனீங்களே, அது டம்மியா? சுவரு தாண்டி எனக்குக் கேட்டுச்சு. எனக்கும் காது இருக்கு."

மறுநாள் வெள்ளி, கடைசி நாள். மெஷினும் பயிற்சியும் முடிந்ததும் ஃப்ராவ்கே நடைபாதையில் பத்து மீட்டருக்கு ஒட்டியிருந்த நாடாவின் ஓரத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்றாள். சேர்ந்த முதல் நாள் அதை நடக்கப் பதினேழு விநாடி. தோம்மா கைத்தடியை ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டாள். ஒரு பாட்டைத் தொடங்குவதற்கு முன் அவள் எடுக்கும் அதே மூச்சு. இடது கால் பழையபடி வெளிவட்டம் போட்டு வரும் என்று காத்திருந்தாள். அது நேராக முன்னால் வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காம நடங்க!" என்று கத்திய ஃப்ராவ்கே தானும் சிரித்தாள். "பதினொண்ணு! பதினொண்ணு விநாடி! இருங்க, இந்த வாட்ச் சரியாத்தான் ஓடுதா?"

இரண்டாவது தடவையும் பதினொன்றுதான். தடியில்லாமல் போகட்டுமா என்று தோம்மா கேட்டாள். பேராசைப்படாதீங்க என்று ஃப்ராவ்கே அவளை நாற்காலியில் அமுக்கி ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தாள். கடைசிக் கேள்வி: உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள்? நிஜம், டம்மி, தெரியாது. தோம்மா ஒரு நொடியும் தயங்காமல் டம்மியில் கோடு போட்டாள். கை போட்டாலும் வாய் சும்மா இருக்குமா? கண்டுபிடித்ததைச் சொல்லாமல் எப்படிப் போவது? சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள்.

"கீழ வச்சு முதல்ல டெஸ்ட் பண்ணீங்களே, அந்த மெஷின்தானே இப்ப ஓக்கோ இருக்கற ரூம்ல இருக்கு?"

"அதுவா? அது பழசு. உங்களுக்கப்புறம் நாலே பேரு, கருகின வாசனை வந்துருச்சு. கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டோம். மேல ரெண்டு ரூம்லயும் இருக்கறது வேற வேற வருஷத்து மெஷின். ஏன் கேக்கறீங்க?"

தோம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். அவர்கள் பக்கத்தில் ஊருக்கு ஓர் ஆர்கன் இருக்கிறது. பழைய ஆர்கன்களில் எந்த இரண்டும் சுருதியில் ஒத்துப்போகாது. ஓர் ஊரில் வாசிப்பதைக் கேட்டுவிட்டு அடுத்த ஊர் ஆர்கன் தப்பு என்று சொல்பவனை அந்த வட்டாரத்தில் குழந்தை கூட மதிக்காது. அதைத்தான் இருபத்தேழு வருட அனுபவக்காரி செய்திருக்கிறாள். காது சரியாகத்தான் கேட்டது. அவசரப்பட்டவள் இவள். டம்மியில் போட்ட கோட்டை அடித்துவிட்டுத் தெரியாது என்பதில் போட்டாள். அப்படியானால் நிஜமாகவும் இருக்கலாம்! டம்மியாகவும் இருக்கலாம். அக்டோபரில் கடிதம் வரும் என்றாள் ஃப்ராவ்கே. அக்டோபர் எங்கே இருக்கிறது, பெந்தெகொஸ்தே நாளை மறுநாள் இருக்கிறது.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அவள் ஆர்கன் மாடிக்கு ஏறினாள். குழாய்களுக்குக் காற்று ஏற்றும் மோட்டாரைப் போடவில்லை. காற்று ஏறினால் கீழ்க்கட்டை ஊர் முழுவதும் கேட்கும். கால் மாட்டிக்கொண்டால் பால்காரர் வரை தெரிந்துவிடும். தோல் அடிப்பாகம் போட்ட மெல்லிய ஆர்கன் செருப்பை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாத கட்டையை இடது காலால் மிதித்து, எடு என்று உத்தரவு போட்டாள். வந்தது. மறுபடியும் மிதித்தாள். வரவில்லை, கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மறுபடி. வந்தது. ஐந்து தடவையில் மூன்று. ஐந்தில் மூன்றுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல், இரண்டையும் சேர்த்தே பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பாஸ்டர் ரெம்மரின் வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தாள். அது முதல் கோப்பைத் தேநீரிலேயே முடிந்துபோயிற்று. அந்த ஊரில் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தால்தான் போதும் என்று அர்த்தம், அதுவரை வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று கோப்பைதான் மரியாதை. தோம்மா நான்கு குடித்தாள். சொல்ல வந்தது ஒவ்வொரு முறையும் தொண்டை வரை வந்து தேநீரோடு இறங்கியது. பாஸ்டர் ஐந்தாவதை ஊற்றினார்.

"என்ன தோம்மா, கரண்டியத் தொலைச்சிட்டீங்களா?"

"பாஸ்டர், குழாய்ல கோளாறு இல்ல. என் கால்லதான். கட்டையவிட்டு எடுக்க வரல. கிறிஸ்துமஸ்லயும் அதான், ஈஸ்டர்லயும் அதான்."

அவர் கெட்டிலை மேசையில் வைத்தார். "அந்த மேஸ்திரி ரெண்டு நாள் உள்ள கெடந்தாரு."

"தெரியும்."

"முதுகு பிடிச்சுக்கிச்சு அவருக்கு."

"தெரியும். நான்தான் தைலம் வாங்கிக் குடுத்தேன்."

பாஸ்டரின் உதடு ஒரு பக்கம் கோணியது. கோபமா சிரிப்பா என்று அவராலேயே முடிவு செய்ய முடியவில்லை போலிருந்தது. "நானும் ஆறு மாசமா அந்தக் குழாயத் திட்டிக்கிட்டு இருக்கேன். பீடத்துல நின்னுக்கிட்டே மனசுக்குள்ள திட்டுனேன். எங்கிட்ட சொல்றதுக்கு என்னம்மா?"

"சொன்னா பெஞ்சவிட்டு எறங்கச் சொல்லுவீங்க."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகவே அவரை அவளுக்குப் பிடித்தது.

"ரெண்டு வாரமா நகரத்துக்குப் போயிட்டு வர்றேன், மண்டையில மெஷின் வக்கிறாங்க, காலுக்குப் பயிற்சி குடுக்கறாங்க. கால் கொஞ்சம் கேக்குது. நாளைக்கு முழுசா ரெண்டு காலாலயும் வாசிக்கறேன். கடைசிப் பாட்டுல கீழ்க்கட்டையும் உண்டு. அது நிக்க வேண்டிய எடத்துல நின்னுச்சுன்னா செவ்வாக்கிழமை யாரும் வர வேண்டாம். நிக்கலன்னா, நானே கமிட்டில போய்ச் சொல்லிட்டு எறங்கிக்கறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"கீழ்க்கட்டை இல்லாமலே வாசிக்கலாமே. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். "ஈஸ்டர்ல கையத் தூக்கிக்கிட்டு நின்னு எனக்குத் தோள்பட்டை போயிருச்சு. நாளைக்குக் கொஞ்சம் பாத்துச் செய்யுங்க." தோம்மா கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள்.

பெந்தெகொஸ்தே அன்று கடல்காற்று வெயிலோடு வந்தது. பீடத்தின் இரண்டு பக்கமும் திருநாள் வழக்கப்படி பூர்ச்ச மரத்தின் இளங்கிளைகள் கட்டியிருந்தார்கள். பச்சை வாசனை மாடி வரை ஏறியிருந்தது. ஆர்கனுக்கு மேல் இருக்கும் சிறிய கண்ணாடியில் தோம்மா சபையைப் பார்த்தாள். கடைசி வரிசையில் ஒரு வழுக்கைத் தலை மட்டும் பீடத்தைப் பார்க்காமல், கழுத்தை வளைத்து மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஓக்கோ! பத்து மைல் தள்ளியிருந்து, ஆடுகளை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறார். மருத்துவமனையில் கொடுத்த புதுக் கைத்தடி பக்கத்தில் சாய்ந்திருந்தது. அவள் பார்ப்பது தெரிந்ததும் அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காதைத் தொட்டுக் காட்டினார். தோம்மா பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

மோட்டார் முனகியது, துருத்தி நிறைந்தது. முதல் பாட்டிலேயே இடது காலை இறக்கிவிட்டாள். மாதக்கணக்காக இடது கையால் திருட்டுத்தனமாக வாசித்து ஒப்பேற்றிய கீழ்ச் சுரங்களைக் கால் தானே எடுத்துக்கொண்டது. கொஞ்சம் பிந்தியது, ஓரிடத்தில் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து மிதித்தது. ஆனால் மிதித்ததை விட்டது, விட்டதும் அடுத்ததற்கு நகர்ந்தது. சபை பாடும் சத்தம் பலத்தது. அடியில் தாங்கல் வந்துவிட்டதை ஏனென்று தெரியாமலே அவர்கள் தொண்டை உணர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு. முதுகில் வியர்வை வழிந்தது. சூடு ஏறினால் நரம்பு முரண்டு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிரசங்கத்தின்போது ஜன்னலைத் திறந்து காற்றில் காலை நீட்டி வைத்திருந்தாள். பரிசுத்த ஆவியைப் பற்றிப் பாஸ்டர் என்ன சொன்னார் என்று பின்னால் யாராவது கேட்டிருந்தால் ஒரு வரி கூடச் சொல்லியிருக்க மாட்டாள்.

கடைசிப் பாட்டு. நான்கு சரணம். நான்காவது சரணத்தில் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டாள். மரத்தூண் அதிர்ந்தது, பாட்டுப்புத்தகம் அதிர்ந்தது. கடைசி வரிக்கு இடது கால் கோடிக்குப் போய்க் கீழ்க்கட்டையை மிதித்தது. அந்தப் பதினாறு அடிக் குழாய் வாயைத் திறந்ததும் பெஞ்சு வழியாக அவள் இடுப்பெலும்பு வரை நடுங்கியது. எவ்வளவு நல்ல குழாய்! ஆறு மாதமாக ஊர் முழுக்கப் பழி சுமந்த குழாய். சபை பாடி முடித்தது. கைகளை எடுத்தாள். வலது காலை எடுத்தாள். கண்ணாடியில் பாஸ்டர் ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கிவிட்டு, கண்ணை மட்டும் மாடிப் பக்கம் உயர்த்தினார். கெண்டைக்காலில் அந்தப் பழைய கல் உருளத் தொடங்குவதைத் தோம்மா உணர்ந்தாள். தொடையை நோக்கிக் கை தானாகப் போயிற்று. வேண்டாம் என்று அதை இழுத்துப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வா, என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

முழக்கம் நின்றது. கூரையில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அதன் மிச்சமும் நின்றது. இப்போது பூர்ச்சங்கிளைகள் காற்றில் உரசுவது கேட்டது. கடைசி வரிசையில் ஒரு கைத்தடி கல்தரையில் ஊன்றுவதும், யாரோ மெல்ல மெல்ல எழுந்து நிற்பதும் கேட்டது. தோம்மாவின் இடது கால் கட்டைக்கு ஒரு விரற்கடை மேலே, தோல் செருப்போடு, அந்தரத்தில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைக்காமல், கையால் தாங்காமல், அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.